பழுப்புப் பாட்டிலில் குழாய்த் தண்ணீர்

"இந்தப் பாட்டிலை யாரோ கொன்னுட்டாங்க மேடம்" என்று சொல்லி, ஒரு பழுப்பு நிறக் கண்ணாடிப் பாட்டிலை மேஜைமேல் வைத்தாள் அந்தப் பெண்.

எங்கள் துப்பறியும் ஆபீசுக்குக் காணாமல் போன கணவனைத் தேடி வருவார்கள். காணாமல் போகாத கணவன் தினமும் எங்கே போகிறான் என்று கேட்டும் வருவார்கள். பாட்டிலுக்காகக் கண்ணீர் விட்டுக்கொண்டு வந்த முதல் ஆள் இவள்தான். அதுவும் காலிப் பாட்டில் இல்லை, முக்கால்வாசி நிரம்பியது.

"உள்ள என்ன சரக்கு?" என்றேன்.

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு 'வாயை மூடு லொடலொடா' என்று அர்த்தம். மேடம் முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். எரிந்த கடை தானாக எரிந்ததா, ஏற்பாட்டில் எரிந்ததா என்று சாம்பலை முகர்ந்து சொல்வார். நான் அவருடைய ஒரே உதவியாளன். டீ வாங்குவது முதல் அடி வாங்குவது வரை என் இலாகா.

"சில்வர் நைட்ரேட் கரைசல்" என்றாள் அவள். "நானே எடை போட்டு, நானே கரைச்சு, எவ்வளவு வலிமைன்னு நானே அளந்து லாக்கர்ல வெச்சுட்டுப் போனது. மறுநாள் பரீட்சை. அவங்க குடுக்கிற தண்ணியில எவ்வளவு உப்பு இருக்குன்னு இதை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும். காலையில எடுத்து ஊத்தினா லேசா பால் மாதிரி இருக்கு. விடை கன்னாபின்னான்னு வந்துது. ஃபெயில்."

"பாதியைக் கொட்டிட்டுத் தண்ணி ஊத்தியிருக்காங்க மேடம்" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர். "மோலாரிட்டி பாதியாயிடுச்சு. அப்போ டைட்ரேஷன்ல டபுள் வால்யூம் செலவாகும். விடையும் டபுளா வரும்."

"சார் புரொஃபசரா?" என்றேன்.

"ஐயோ, நான் மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சிருக்கேன் தம்பி. தினமும் கடை மூடினதும் இவ புத்தகத்தைப் பிடிச்சுக்கிட்டு நான்தான் கேள்வி கேட்பேன். கேட்டுக் கேட்டு எனக்கே பாடமாயிடுச்சு."

இப்படி ஒரு கணவன் கிடைப்பதற்கு என்ன தவம் செய்தாளோ என்று எனக்குத் தோன்றியது. அவளும் அவருடைய வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துப் பொத்திப் பிடித்திருந்தாள். வந்ததிலிருந்து விடவே இல்லை. தண்ணீர் கொடுத்தபோது கூட அவரை இடது கையால்தான் வாங்க வைத்தாள். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அதனால் இதையெல்லாம் பார்த்தால் கொஞ்சம் பெருமூச்சு வரும்.

விஷயம் இதுதான். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அவள் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். உயிரியல் ஒன்று, அதற்கொரு லேப். வேதியியல் ஒன்று, அதற்கொரு லேப். அப்புறம் உயிரியல் இரண்டு, வேதியியல் இரண்டு. ஒன்றைத் தாண்டினால்தான் அடுத்ததற்குள் விடுவார்கள். லெக்சரில் பாஸாகி லேபில் கோட்டை விட்டாலும் கதவு மூடிவிடும். எல்லாவற்றையும் தாண்டிக் கடைசிப் படியில் நின்றாள். இந்த ஒரு லேப் தேறினால் அடுத்த மாதம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் பயிற்சி. வேறு ஊர், ஹாஸ்டல். தேறாவிட்டால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும், இடமும் வேறு யாருக்கோ போய்விடும்.

"இன்னிக்கு நாலு மணிக்கு மார்க்கை மேல அனுப்பிடுவாங்க" என்றாள். "வேற ஆள் பாட்டிலைத் தொட்டது நிரூபணமானா மறுதேர்வு உண்டு. இல்லைன்னா இல்ல."

"பரீட்சை எப்போ?"

"போன வாரம்."

"ஒரு வாரமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்றார் மேடம்.

கணவர் முந்திக்கொண்டார்.

"குடும்ப கௌரவம்னு பார்த்தோம் மேடம். வெளிய எங்கயும் தேட வேண்டாம். பாம்பு வீட்டுக்குள்ளயே இருக்கு. என் தம்பி பொண்டாட்டி."

ஒரே வீட்டு மருமகள்கள் இருவரும் ஒரே கல்லூரியில், ஒரே வகுப்பில், லேபில் ஒரே மேஜையில் ஜோடி. ஓரகத்திகள் ஒரே அடுப்பில் சண்டையில்லாமல் சமைத்தாலே அதிசயம், இவர்கள் ஒரே பர்னரில் ஆசிட் காய்ச்சியிருக்கிறார்கள். வீட்டில் அவர்களைப் பெரியவள், சின்னவள் என்பார்களாம். இனி நானும் அப்படியே சொல்கிறேன்.

"லாக்கர் சாவி?" என்றார் மேடம்.

"லேப் நேரத்துல என் கோட் பாக்கெட்லதான் இருக்கும்" என்றாள் பெரியவள்.

"பக்கத்துல நிக்கிறவ நினைச்சா எடுத்துடலாம்" என்றார் கணவர்.

பெரியவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மேடம் பாட்டிலை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

கல்லூரியில் நாங்கள் பார்த்த வேதியியல் பேராசிரியர், ஆயிரம் சாக்குகளைக் கேட்டுச் சலித்துப்போன மனிதர். பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு கசடு.

"குழாய்த் தண்ணி" என்றார். "அதுல எப்பவும் கொஞ்சம் உப்பு இருக்கும். சில்வர் நைட்ரேட்ல பட்டா பால் மாதிரி கலங்கிடும். அதனாலதான் பாட்டிலை டிஸ்டில்டு வாட்டர்ல அலசுன்னு தலையில அடிச்சுச் சொல்றோம். இது முதல் லேப்ல பண்ற தப்பு. ரெண்டாவது லேப்லயும் பண்ணினா நான் என்ன செய்யறது?"

"அவங்க இதுக்கு முன்னாடி இப்படிப் பண்ணியிருக்காங்களா?"

அவர் யோசித்தார். "இல்ல. ஒரு தடவைகூட இல்ல."

அதற்குள் நான் பாட்டிலின் மூடியைத் திறந்து முகரப் போனேன். பேராசிரியர் என் கையில் பட்டென்று அடித்தார்.

"தொடாதீங்க! இப்ப தண்ணி மாதிரிதான் இருக்கும், ஒண்ணும் தெரியாது. வெளிச்சம் பட்டு நேரம் போனா விரல் கறுத்துடும். சோப்பு, ஸ்பிரிட், எதுக்கும் அசையாது. தோல் உரிஞ்சாத்தான் உண்டு."

"பாடத்துல இது வருமா சார்?" என்று கையைத் தடவிக்கொண்டே கேட்டேன்.

"லெக்சர்ல வராது, லேப்ல வரும். லெக்சர் தலைக்கு, லேப் கைக்கு. லெக்சர்ல நூறு வாங்கினவன்தான் முதல் நாள் ப்யூரெட் குழாயை உடைப்பான்."

மேடம் அதற்குள் வராந்தாவுக்குப் போய்விட்டார். லேபுக்கு வெளியே சுவரோரம் லாக்கர்கள் வரிசையாக இருந்தன. கடைசியில் கை கழுவ ஒரு வெள்ளைப் பீங்கான் தொட்டி. அதன்மேல் குனிந்து நின்றார்.

"லொடலொடா, இது என்ன?"

தண்ணீர் போகும் ஓட்டையைச் சுற்றி ஊதாவும் கறுப்புமாக ஒரு கறை வழிந்து காய்ந்திருந்தது.

"டீக்கறை மேடம். தேச்சா போயிடும்."

"தேய்க்காத. உன் கையும் போயிடும்."

பேராசிரியர் எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "எங்க பசங்க வெள்ளியைத் தொட்டியில கொட்ட மாட்டாங்களே! உள்ள அதுக்குன்னு கழிவு ஜாடி வெச்சிருக்கோம். முதல் நாளே சொல்லிக் குடுக்கிறது அதுதான்."

"அப்போ கொட்டினது உங்க பசங்க இல்லைன்னு வெச்சுக்கலாமா?"

"கறையை வெச்சு மார்க் போட முடியாதும்மா. ஆளைக் காட்டுங்க, நான் மார்க்கை நிறுத்தறேன்."

சின்னவள் மாடியில், உயிரியல் லேபில் மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணை வைத்திருந்தாள். நாங்கள் யாரென்று சொன்ன பிறகும் தலையைத் தூக்கவில்லை.

"என்னை விசாரிக்க வந்திருக்கீங்க. யாரு சொன்னா, நான்தான் பண்ணினேன்னு?"

"உங்க அத்தான்" என்றார் மேடம்.

"அக்கா என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல."

இப்போது தலையைத் தூக்கினாள். மைக்ராஸ்கோப்பின் விளிம்பு கண்ணைச் சுற்றி வட்டமாகப் பதிந்திருந்தது. "ஒண்ணுமே சொல்லலையா? இல்லைன்னுகூடச் சொல்லலையா?"

அவள் ஸ்லைடைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள்.

"ஒரு வாரமா என்கூடப் பேச மாட்டேங்கறா. நானும் பரீட்சை போன துக்கம்னு நினைச்சேன். என் மேல சந்தேகம்னு இப்பத்தான் தெரியுது. மேடம், முதல் லேப்ல எங்க ரெண்டு பேர் விரலும் ஒண்ணாத்தான் கறுத்துது. வீட்டுல மருதாணின்னு சொல்லிச் சமாளிச்சோம். அவ பாட்டிலை நான் கெடுக்கணும்னு வெச்சுக்கோங்க. மேஜை மேலயே டிஸ்டில்டு வாட்டர் இருக்கு. அதை ஊத்தினா ஒரு பொட்டு கலங்காது, கடவுளுக்கே தெரியாது. போயும் போயும் குழாய்த் தண்ணியா ஊத்துவேன்? நான் என்ன, அவ்வளவு மக்குப் பொண்ணா?"

திருடவில்லை என்று அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். திருடியிருந்தால் ஒழுங்காகத் திருடியிருப்பேன் என்று அழுதவள் இவள்தான். எனக்கு உடனே அவள்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

"லேப் முடிஞ்சதும் உங்க அக்கா என்ன செய்வாங்க?" என்றார் மேடம்.

"நாங்க ரெண்டு பேரும் உள்ள கண்ணாடிச் சாமானெல்லாம் கழுவி வெப்போம். அத்தான் தினமும் ஃபிளாஸ்க்ல டீயோட வராந்தாவுல நிப்பாரு. நாங்க கழுவறப்பவே அக்கா கோட்டைக் கழட்டிக் குடுத்துடுவா. அவரே மடிச்சு லாக்கர்ல வெச்சுப் பூட்டிட்டு சாவியைக் கொண்டுவந்து குடுப்பாரு. வகுப்பே பொறாமைப்படும். எங்க வீட்டுக்காரர்கிட்ட நானே சொல்லிக் காட்டுவேன், உங்க அண்ணனைப் பார்த்துக் கத்துக்கோங்கன்னு."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்குப் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சீச்சீ. இருக்காது" என்றாள்.

வண்டியில் ஏறியதும் நானும் அதையேதான் சொன்னேன். "இருக்காது மேடம். பொண்டாட்டி கோட்டை மடிச்சு வைக்கிற மனுஷன். நான் என் சட்டையையே மடிக்கிறதில்ல."

"லேப் தெரிஞ்சவன் குழாய்த் தண்ணி ஊத்த மாட்டான். தொட்டியிலயும் கொட்ட மாட்டான்" என்றார் மேடம். "சரி, ஒண்ணுமே தெரியாதவன்? அவனுக்குப் பாதியைக் கொட்டித் தண்ணி கலந்தா கணக்கு தப்பும்னு தோணாது, பாட்டிலைப் போட்டு உடைச்சிருப்பான். இது ரெண்டுங்கெட்டான் வேலை. தலைக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. அப்படி இந்தக் கதையில எத்தனை பேர்?"

மோலாரிட்டி பாதியாயிடுச்சு மேடம் என்ற குரல் என் காதில் ஒலித்தது. நான் வாயை மூடிக்கொண்டு வந்தேன். மேடம் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, காதுப்பக்கத் திருகாணியை நகத்தால் நெம்பி லூஸாக்கிக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக்கடை சின்னதுதான், ஆனால் கூட்டம் இருந்தது. கவுண்டரில் நின்றது பெரியவள். ஒருவருக்கு ஃப்ரேம் எடுத்துக் காட்டினாள், இன்னொருவருக்கு நாளை வரச் சொன்னாள், நடுவில் போனையும் எடுத்தாள். எங்களைப் பார்த்ததும் கை ஒரு விநாடி நின்றது. பிறகு லென்ஸ் துடைக்கும் துணியை எடுத்து, கையிலிருந்த கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

கணவர் உள்ளே வேலை மேஜையில் இருந்தார். "கண்டுபிடிச்சிட்டீங்களா மேடம்? அவதானே?"

"அதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் பார்த்துக் குடுங்க. கண்ணே தெரிய மாட்டேங்குது" என்று மேடம் மூக்குக்கண்ணாடியை நீட்டினார்.

அவர் மேஜை விளக்கைப் போட்டார். பளிச்சென்று விழுந்த வெளிச்சத்துக்குள் இரண்டு கைகளையும் வைத்துத் திருகாணியை முடுக்கினார். வலது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் நுனியிலிருந்து கறுத்திருந்தன. நடுவிரலிலிருந்து ஒரு கோடு மணிக்கட்டு வரை வழிந்திருந்தது. தொட்டியில் பார்த்த அதே நிறம்.

"பேனா ஒழுகிடுச்சா சார்?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அதை ஏன் கேட்கறீங்க தம்பி" என்று அலுத்துக்கொண்டார் அவர். "ஒரு வாரமா இப்படித்தான் இருக்கு. சோப்பு போட்டாச்சு, ஸ்பிரிட் போட்டாச்சு, பாத்திரம் தேய்க்கிற நாரை வெச்சுகூடத் தேய்ச்சுட்டேன். தோல் வியாதியோ என்னமோ. டாக்டர்கிட்ட காட்டலாம்னு இருக்கேன்."

அப்பாவியாக என்னிடம் கையை நீட்டியும் காட்டினார். குற்றவாளியே கூப்பிட்டுச் சாட்சியைக் காட்டுவதை நான் இதுவரை பார்த்ததில்லை. சிரிப்பு வரவேண்டிய இடம், வரவில்லை. காலையில் இந்தக் கையைப் பார்த்தா பெருமூச்சு விட்டேன்?

"டாக்டர் எதுக்கு?" என்றார் மேடம், கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு. "தோல் உரிஞ்சா தானாப் போயிடும். புத்தகத்துல இது இல்ல. லேப்ல நின்னிருந்தா தெரிஞ்சிருக்கும். வெள்ளி சார். தொட்டப்போ தண்ணி மாதிரி இருந்திருக்குமே?"

அவர் தன் விரல்களைப் பார்த்தார். முதல் தடவையாக உண்மையிலேயே பார்த்தார்.

"கோட்டை வைக்கும்போது பாட்டில் சாய்ஞ்சு சிந்தியிருக்கும்..."

"மூடின பாட்டில் எப்படி சார் சிந்தும்? சிந்தினது நடந்து போய் வராந்தாத் தொட்டியிலயும் கொட்டிச்சா?"

கவுண்டரில் வாடிக்கையாளர்கள் போயிருந்தார்கள். பெரியவள் கண்ணாடிக் கதவை உள்பக்கமாகச் சாத்திவிட்டு வந்து நின்றாள். அவளைப் பார்த்ததும் அவருக்குத் தோள் தொய்ந்துவிட்டது.

"நீ படிக்கணும்னு சொன்னப்போ நான்தானே முதல்ல சரின்னேன்?" என்றார். மேடத்தையும் என்னையும் மறந்துவிட்டார். "என்னைத் தெருவே பாராட்டுச்சு. நானும் சந்தோஷமாத்தான் இருந்தேன். முதல் லேப்ல நீ பயந்து திரும்பிடுவேன்னு நினைச்சேன். நீ திரும்பல. ஒவ்வொண்ணாத் தாண்டிக்கிட்டே போன. நீ முடிச்சிடுவேன்னு நான் நினைக்கவே இல்லடி. அடுத்த மாசம் பெட்டியைக் கட்டிக்கிட்டுப் போயிட்டா கடையை யாரு பார்ப்பா? என்னை யாரு பார்ப்பா? ஒரு வருஷம் தள்ளிப்போனா நீயே விட்டுடுவேன்னு..."

"அதுக்குத் தம்பி பொண்டாட்டி தலையை உருட்டினீங்களா?" என்றேன். மேடம் என்னைத் தடுக்கவில்லை.

"வேற யாரைச் சொல்றது?" என்றார் அவர், ரொம்ப நியாயமான கேள்வியைப் போல.

நான் பெரியவளைப் பார்த்தேன். இப்போது அலறுவாள், ஷோகேஸ் உடையும் என்று ஒதுங்கி நின்றேன். அவள் கையிலிருந்த கண்ணாடியை உறையில் போட்டு மூடினாள்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?" என்றேன்.

"பரீட்சை முடிஞ்ச அன்னிக்கு ராத்திரி சாப்பிட உட்கார்ந்தாரு. தட்டுல கையை வெச்சாரு. பார்த்தேன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன் அது என்ன கறைன்னு." கணவரைப் பார்க்காமல் மேடத்திடமே சொன்னாள். "ஒரு வாரம் வேற காரணம் தேடினேன் மேடம். மை, பாலிஷ், மெஷின் எண்ணெய்னு ஒவ்வொண்ணா நினைச்சேன். ஒண்ணும் பொருந்தல. அப்புறம்தான் உங்ககிட்ட வரணும்னு சொன்னேன். அவர் வர வேண்டாம்னுதான் நினைச்சேன், அவராவே கிளம்பி வந்தாரு."

"தெரிஞ்சும் எதுக்கு எங்ககிட்ட வந்தீங்க?"

"வேற யாராவதுன்னு நீங்க சொல்லுவீங்கன்னு வந்தேன்."

"கண்டுபிடிச்சிடுவீங்களோன்னு பயமா இருந்துது" என்றாள். "அதான் கையைப் பொத்தி வெச்சுக்கிட்டேன். கண்டுபிடிக்காமப் போயிடுவீங்களோன்னும் பயமா இருந்துது."

காலையில் நான் பார்த்துப் பொறாமைப்பட்ட அந்தப் பிடி அன்பு இல்லை, கறையை மறைத்த மூடி. மேடத்துக்கு அது அப்போதே உறைத்திருக்கிறது. எனக்குத்தான் பெருமூச்சு கண்ணை மறைத்துவிட்டது.

"நான் கண்டுபிடிச்சது உங்க வீட்டுக்காரரை மட்டும் இல்லம்மா" என்றார் மேடம். அவர் குரல் அவ்வளவு மெதுவாக வந்து நான் கேட்டதில்லை. "அவர் சின்னவ பேரைச் சொன்னாரு. நீங்க சும்மா இருந்தீங்க. அந்தப் பொண்ணு என்கிட்ட கேட்டதெல்லாம் ஒண்ணுதான். அக்கா இல்லைன்னுகூடச் சொல்லலையான்னு."

அதுவரை அழாதவள் அப்போது அழுதாள். ஷோகேஸைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். கணவர் கையை நீட்டினார். அந்தக் கறுப்பு விரல்களைப் பார்த்ததும் விலகிக்கொண்டாள்.

சுவர்க் கடிகாரம் மூன்றரை அடித்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எழுந்திருங்க" என்றாள் கணவரிடம்.

"எங்க?"

"தினமும் வர்ற இடத்துக்குத்தான். இன்னிக்கு டீ வேண்டாம். கையை மட்டும் கொண்டு வாங்க."

"நான் வர மாட்டேன். அவமானம்."

"நீங்க வரலைன்னா சின்னவ பேருதான் நிலைக்கும். அப்புறம் உங்க தம்பி வாசல்ல வந்து நிப்பாரு. அவருக்கு இதே கையைக் காட்டணும். எது வசதி?"

அவர் எழுந்தார்.

பேராசிரியர் மேஜையில் மார்க் போட்ட உறை ஒட்டத் தயாராக இருந்தது. பெரியவள் கணவரைப் பார்த்தாள். அவர் வலது கையை மேஜைமேல் வைத்தார். பேராசிரியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். இத்தனை வருஷம் எத்தனையோ விரல்களைப் பார்த்தவர், அவருக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

"யாரும்மா இவர்?" என்றார். தினமும் வராந்தாவில் பார்த்த ஆள்தான். ஆனாலும் கேட்டாக வேண்டும்.

பெரியவள் கொஞ்சம் தாமதித்தாள். "வெளியாள் சார்" என்றாள்.

கணவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். நாங்கள் சொன்ன எதுவும் அவரை அப்படி அடிக்கவில்லை.

பேராசிரியர் உறையிலிருந்து தாளை வெளியே எடுத்து வைத்தார். "லேப் ஆறு மணி வரைக்கும் திறந்திருக்கும். கோட்டைப் போட்டுக்கிட்டு வாங்க. புதுசாக் கரைங்க, புதுசா அளங்க. உப்புத்தண்ணி நான் வேற தரேன்."

வராந்தாவில் லாக்கரைத் திறந்தாள். கூடவே வந்த கணவர், பழக்கதோஷம், அவளை முந்திக்கொண்டு கோட்டை எடுத்து, கை நுழைக்க வசதியாக விரித்துப் பிடித்தார். வெள்ளைத் துணியில் அந்த மூன்று விரல்கள். அவள் கோட்டை அவர் கையிலிருந்து வாங்கி உதறித் தானே போட்டுக்கொண்டாள். திரும்பினால், மாடிப்படியில் சின்னவள்.

அவள் அத்தானின் கையைப் பார்த்தாள். பிறகு அக்காவின் முகத்தை.

"உனக்கு எப்போலேருந்து தெரியும்?"

பெரியவள் பொய் சொல்லியிருக்கலாம். "அன்னிக்கு ராத்திரியிலேருந்து" என்றாள்.

"தெரிஞ்சே என் பேரைச் சொல்ல விட்டுட்டியா?"

"ஆமா."

"அத்தான் பண்ணினது ஒரு சாயங்காலம்தான்கா. நீ ஒரு வாரம் முழுக்கப் பண்ணியிருக்க."

பெரியவள் கையெடுத்துக் கும்பிடுவதுபோல் ஏதோ செய்யப் போனாள். சின்னவள் அந்தக் கைகளைத் தட்டிவிட்டாள். பிறகு தன் பையிலிருந்து ஒரு ஜோடி கையுறையை எடுத்து அவற்றில் திணித்தாள்.

"என்னைத் திட்டு. ரெண்டு அறை வேணும்னாலும் விடு" என்றாள் பெரியவள்.

"இப்ப இல்ல. உள்ள போ. பாஸ் பண்ணிட்டு வா. ஃபெயிலானவகூடச் சண்டை போட எனக்கு மனசு வராது."

லேப் கதவு மூடியது. சின்னவள் வெளியே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அத்தானும் அதே பெஞ்சில் உட்கார வந்தார். அவள் தன் பையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.